தொற்று எங்கே முடிகிறது?

கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்கு அழைத்துப் போனார். அங்கே மடங்கிய விரல்கள், தேய்ந்து குட்டையான விரல்கள், உள்ளங்காலில் ஆறாத குழிப்புண்கள். கிருமி சதையை அழுகச் செய்கிறது, அதனால்தான் விரல்கள் போகின்றன என்று அன்றைக்கு மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்டுக்கு அது சரியாகப் படவில்லை. நோயாளிகளோடு பல ஆண்டுகள் பழகி, ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். துருப்பிடித்த பூட்டில் சாவியைப் பலங்கொண்ட மட்டும் திருகிய ஒரு சிறுவனின் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியவர்கள் இருந்தார்கள். தூங்கும்போது சிலருடைய விரல்களை எலி கடித்துத் தின்றிருந்தது. அதன்பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

கிருமி செய்தது நரம்பைக் கெடுத்து உணர்ச்சியை அழித்ததுதான். மிச்சச் சேதமெல்லாம் வலி தெரியாததால் வந்தவை. இன்று தொழுநோய்க்குக் கூட்டு மருந்து ஆறு மாதமோ ஓராண்டோதான் கொடுக்கிறார்கள். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அந்த நோயாளியிடமிருந்து பிறருக்குப் பரவுவது நின்றுவிடுகிறது. ஆனால் தாமதமாக வந்தவரின் பாதம் பெரும்பாலும் மரத்தபடியேதான் இருக்கிறது. அவருக்காகத் தயாரானதுதான் எம்.சி.ஆர். செருப்பு. உள்ளே மெத்தென்ற நுண்துளை ரப்பர், அடியில் முள் ஏறாத தடித்த ரப்பர். ஆணி ஒன்றுகூட அடிக்கமாட்டார்கள், ஒட்டியோ தைத்தோதான் செய்வார்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார் இருக்கும், ஏனென்றால் உணர்ச்சியற்ற காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தாலும் போட்டிருப்பவருக்குத் தெரியாது.

இன்று அந்தச் செருப்பை அதிகம் தேடி வருபவர்கள் சர்க்கரை நோயாளிகள். நீரிழிவுப் பாத மருத்துவப் பிரிவில் நடக்கும் பரிசோதனையைப் பார்த்தால் இரண்டு நோய்க்கும் உள்ள உறவு விளங்கும். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கைப்பிடியில் பொருத்திய ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் இங்கும் அங்கும் தொடுகிறார் செவிலியர். இழை லேசாக வளையும்வரை அழுத்தம் 10 கிராம். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். பெருவிரலின் அடியில் தொட்டபோது பதில் வராவிட்டால், அந்த இடத்தில் கல் குத்தினாலும் தெரியாது என்று அர்த்தம். தொழுநோய் மருத்துவத்திலும் நரம்பைச் சோதிப்பது இதே வகை இழையால்தான். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், மரத்த காலைக் காப்பாற்றத் தமிழ்நாட்டில் கற்ற பாடங்களையும் கொண்டுபோனார். அந்நாட்டின் நீரிழிவுப் பாத மருத்துவம் அவற்றிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது.

ஒருவருக்குத் தொழுநோய்க் கிருமியால் மரத்த கால், இன்னொருவருக்குச் சர்க்கரையால் மரத்த கால். ஒன்று தொற்றுநோய், மற்றது தொற்றா நோய் என்று பாடநூல் பிரிக்கிறது. அந்தப் பிரிவினை எதுவரை செல்லும், எந்த இடத்தில் உதவாமல் போகிறது என்பதைப் பார்க்க வேண்டிய காலம் இது.

பாடநூல் சொல்வது எளிது. பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி போன்ற ஓர் உயிரி ஒருவரிடமிருந்தோ விலங்கிடமிருந்தோ சூழலிலிருந்தோ இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்து உண்டாக்குவது தொற்றுநோய். அப்படி வெளியிலிருந்து கிருமி வராமல், மரபு, உணவு, புகை, வயது, சுற்றுச்சூழல் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் வளர்வது தொற்றா நோய். மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், நீரிழிவு, நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகியவை இதில் தலையானவை. முதல் பட்டியலுக்குள்ளேயே எல்லாம் ஒட்டுவாரொட்டி அல்ல. அம்மை காற்றில் பரவும். டெங்கு வந்தவர் அருகில் உட்கார்ந்தால் வராது, இடையில் ஏடிஸ் கொசு வேண்டும். டெட்டனஸ் கிருமியால்தான் வருகிறது, ஆனால் மண்ணிலிருந்து காயத்துக்குள் புகுகிறதே ஒழிய மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவுவதில்லை. அதனால் மற்றவர்கள் எல்லாரும் தடுப்பூசி போட்டிருந்தாலும் போடாத ஒருவருக்கு அதில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

கணக்கைப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெளிவு. 1990இல் இந்தியாவின் மொத்த நோய்ச்சுமையில் தொற்றுநோய்களும் பேறுகால, சிசு, ஊட்டக்குறைவு நோய்களும் சேர்ந்து 61 சதவீதம். 2016இல் அது 33 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் தொற்றா நோய்களின் பங்கு 30 சதவீதத்திலிருந்து 55 ஆக ஏறியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் தொற்றா நோய்களால் இறந்தவர்கள் குறைந்தது 4.3 கோடிப் பேர், அதில் 1.8 கோடிப் பேர் 70 வயதைத் தொடாதவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட நாடுதழுவிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றும், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது.

இந்த எண்களை வைத்து வழக்கமாக ஒரு கதை சொல்வார்கள்: பழைய நோய்கள் போயின, புதிய நோய்கள் வந்தன, வறுமை நோய்களின் இடத்தில் வசதி நோய்கள். ஐரோப்பாவுக்கு அந்தக் கதை ஓரளவு பொருந்தும். இந்தியாவில் பழையது போகவில்லை. உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். புதியது பழையதன் மேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது, அதுவும் ஒரே வீட்டில், பல நேரம் ஒரே ஆளிடம்.

இதைச் சென்னையைவிட நன்றாகக் காட்டக்கூடிய ஊர் குறைவு. 1928இல் மருத்துவர் டேவிட் சவுரிமுத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கினார். அந்தப் பெயர் இன்றும் அங்கே ரயில் நிலையத்தில் இருக்கிறது. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, இறைச்சி, இவைதான் அன்றைய சிகிச்சை. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பதும் சிகிச்சையின் பகுதி. மருந்துகள் வந்தபிறகும் அந்த நம்பிக்கை மாறவில்லை. ஆனால் சானடோரியத்தில் இருந்த படுக்கைகள் சில நூறு, நகரத்தில் இருமிக்கொண்டிருந்தவர்கள் பல்லாயிரம்.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. ஏழை நோயாளிகளில் ஒரு பாதியினர் சானடோரியத்தில், மறு பாதியினர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே. இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. 1959இல் முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. குணமானவர்களின் அளவு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் இருந்தவர்களின் சோறும் ஓய்வும் மோசமாக இருந்தும் மருந்து வேலை செய்தது. அவர்களோடு ஒரே அறையில் படுத்த குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் வரவில்லை, ஏனென்றால் தொற்று பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்பே நடந்துவிட்டிருந்தது. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு பெரிய காரணம். நோயாளியை ஊரைவிட்டு விலக்காமல் காப்பாற்றலாம் என்று காட்டியது தமிழ்நாட்டு மண்ணில் நடந்த ஆய்வு என்பது நம் பள்ளிப் புத்தகங்களில் இருக்க வேண்டிய செய்தி.

ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. சாப்பாடு இல்லாமலே மருந்து குணப்படுத்தும் என்று நிரூபணமானதும், காசநோய் என்றால் கிருமி, கிருமி என்றால் மாத்திரை என்று சிந்தனை சுருங்கிவிட்டது. பசியும் உடல் மெலிவும் திட்டங்களின் ஓரத்துக்குப் போயின. அவை திரும்பி நடுவுக்கு வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றுள்ள அதே சேத்துப்பட்டு நிறுவனம் பங்கேற்ற ஓர் ஆய்வு 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நடந்தது. காசநோயாளிகளின் வீடுகளில் ஒரு பகுதிக்கு, நோயாளிக்கு மட்டுமல்லாமல் மற்றவர்களுக்கும் மாதாமாதம் உணவுப்பொருள் கொடுத்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, உணவு கிடைத்த குடும்பத்தாரிடம் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. தடுப்பூசியும் இல்லை, புதிய மருந்தும் இல்லை, அரிசியும் பருப்பும் எண்ணெயும் ஒரு தொற்றுநோயைத் தடுத்தன. தமிழ்நாடு 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்ட’மும் இதே திசையில் போகிறது: நோய் தெரிந்தவுடன் எடையையும் மூச்சையும் எழுந்து நிற்கும் திறனையும் பார்த்து, ஆபத்தான நிலையில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்ப்பது.

மெலிவு ஒரு வாசல் என்றால், சர்க்கரை இன்னொரு வாசல். நீரிழிவு இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு முதல் மூன்று மடங்கு. 2012இல் வெளியான தமிழ்நாட்டு ஆய்வு ஒன்றில், காசநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் நான்கில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இன்னொரு கால்வாசிப் பேர் நீரிழிவின் விளிம்பில் இருந்தார்கள். இரண்டும் சேர்ந்தால் மருந்துகளும் மோதிக்கொள்கின்றன. சிறுநீரைச் செந்நிறமாக்கும் ரிஃபாம்பிசின், சில சர்க்கரை மாத்திரைகளைக் கல்லீரல் வேகமாகக் கரைத்துவிடும்படி செய்கிறது; சர்க்கரை ஏறும், மருத்துவர் அளவைக் கூட்டவோ இன்சுலினுக்கு மாற்றவோ வேண்டிவரும். கண்டுபிடிப்பதிலும் சிக்கல் உண்டு. சுகர்காரர் இளைத்துப்போனால், “சுகர் கூடிப்போச்சு, அதான் இளைச்சிட்டார்” என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். இருமலை யாரும் கேட்பதில்லை.

புற்றுநோய்ப் பக்கம் வந்தால் எல்லைக்கோடு இன்னும் மங்குகிறது. புற்றுநோய் தொற்றாது என்பது உண்மை. புற்றுநோயாளியின் தட்டில் சாப்பிடத் தயங்குபவர்களிடம் அதை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உலகில் புதிதாக வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய 13 சதவீதத்துக்கு வேர் ஏதோ ஒரு தொற்று. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி வைரஸ் என்று காட்டிய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் ஆண்டுக்கு 1.2 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வருகிறது, ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் இறக்கிறார்கள்.

இதைத் தடுக்கப் பெரிய கருவி தேவையில்லை என்று காட்டியதும் தமிழ்நாடுதான். 2000ஆம் ஆண்டிலிருந்து திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தார்கள். சமையல் வினிகரில் இருப்பதும் இதே அமிலம். மாறுதல் உள்ள திசு வெள்ளையாகத் தெரியும். பலருக்கு அங்கேயே உறைநிலைச் சிகிச்சை. 2007இல் லான்செட் இதழில் வந்த முடிவு: பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்தன. பெண் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே எச்பிவி தடுப்பூசி போட்டுவிட்டால் அந்த வெள்ளைத் திட்டே பெரும்பாலும் வராது. 2022இல் இந்தியாவிலேயே தடுப்பூசி தயாராகிவிட்டது. தொற்றா நோய் என்று பட்டியலிட்டதனாலேயே, அதற்குத் தடுப்பூசி உண்டு என்பது இன்னும் பல பெற்றோருக்குத் தெரியவில்லை. அது வேதனையான இழப்பு.

கல்லீரலிலும் இதே கதை. தைவான் 1984இல் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கியது. பத்தாண்டுக்குள் 6 முதல் 14 வயதுக் குழந்தைகளிடம் கல்லீரல் புற்றுநோய் பாதியாகக் குறைந்தது. இரைப்பைப் புண்ணுக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று பல தலைமுறைகள் நம்பின. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984இல் ஹெலிகோபாக்டர் பைலோரி கலந்த திரவத்தைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு. வாழ்நாள் தொல்லையாக இருந்த அல்சரை இன்று இரண்டு வார ஆன்டிபயாட்டிக் பலருக்கு முடித்துவைக்கிறது.

எதிர்த் திசையிலும் நோய்கள் நகர்கின்றன. குழந்தைப் பருவத்துத் தொண்டை வலி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்ததாக இருந்து கவனிக்காமல் விட்டால், சிலருக்கு மூட்டு வீங்கி, பிறகு இதய வால்வு சுருங்குகிறது. கிருமி போய்ப் பல ஆண்டுகள் கழித்து, முதல் பிரசவத்தின்போது மூச்சுத் திணறலாக அது வெளிப்படும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுவந்தால் வால்வு மேலும் கெடாமல் காக்கலாம். எச்ஐவியும் அப்படித்தான். இந்தியாவில் அதை முதன்முதலில் 1986இல் கண்டறிந்தது சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுனிதி சாலமனின் குழு. 2004இல் அரசு எச்ஐவியை அடக்கும் ஏஆர்டி மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய முதல் இடங்களில் ஒன்று பழைய தாம்பரம் சானடோரியம். இருபது ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் இன்று அறுபது வயதைக் கடந்து, மற்றவர்களைப் போலவே பிரஷருக்கும் சுகருக்கும் வரிசையில் நிற்கிறார்கள். மரண தண்டனையாக இருந்த ஒரு தொற்று, மருந்தின் தயவில் நாள்பட்ட நோயாகியிருக்கிறது. மருத்துவத்தின் மகத்தான சாதனைகளில் ஒன்று இது.

தொற்றா நோய்கள் தனித்தனி ஆட்களின் விதி என்பதும் முழு உண்மை அல்ல. கர்ப்பத்தில் சர்க்கரை ஏறிய தாயின் பிள்ளைக்கு வளர்ந்தபின் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். கிருமி எதுவும் இல்லை, ஆனால் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு நோய் போகிறது. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா இதைப் பல பத்தாண்டுகள் வலியுறுத்தினார். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை 140 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய முறையை அவர் முன்வைத்தார். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் கிராமத்துக் கர்ப்பிணி திரும்பி வரமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். 2007இல் தமிழ்நாடு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அவர் பிறந்த மார்ச் 10 இன்று கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள். தனி ஆளின் விதி என்று சொல்ல முடியாத இன்னோர் உதாரணம்: இலங்கையின் அனுராதபுரம் பக்கத்தில் 1990களிலிருந்து நெல் விவசாயிகளைத் தாக்கும் சிறுநீரக நோயையும், ஆந்திராவின் உத்தானம் பகுதி நோயையும் பாருங்கள். அங்கே சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை, கிருமியும் பிடிபடவில்லை. ஆனால் கொள்ளைநோய்போல ஊர் ஊராகப் பிடிக்கிறது. வெயில், தண்ணீர், பூச்சிமருந்து என்று காரணம் தேடி விவாதம் தொடர்கிறது.

பிரிவினை மனிதர்களிடம் வேறொரு வேலையும் செய்கிறது. தொற்றுநோய்க்காரரை ஊர் ஒதுக்குகிறது. 1898இல் வந்த தொழுநோயாளிகள் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. துணைவருக்குத் தொழுநோய் என்பதை மணவிலக்குக்குக் காரணமாக்கிய சட்டப் பிரிவுகள் 2019வரை இருந்தன. தொற்றா நோய்க்காரரை ஊர் ஒதுக்குவதில்லை, குற்றம் சாட்டுகிறது: நாக்கைக் கட்டியிருந்தால் வந்திருக்குமா என்று. விறகடுப்புப் புகையில் முப்பது ஆண்டு சமைத்து நுரையீரல் கெட்ட பெண்ணும், ரேஷன் அரிசியைத் தவிர வேறு வாங்க முடியாத கூலித் தொழிலாளியும் அந்தப் பழியைச் சுமக்கிறார்கள். இரண்டு அணுகுமுறையும் நோயாளியைச் சிகிச்சையிலிருந்து விரட்டுகின்றன.

பிரிவினையே வேண்டாமா? வேண்டும். கொள்ளைநோய் வந்தால் ஒரே நாளில் தொடர்புகளைத் தேடிப் பிடிக்கிற படை வேண்டும். சர்க்கரைக்கு முப்பது ஆண்டு மாத்திரையை நிறுத்தாமல் கொடுக்கிற பொறுமை வேண்டும். இரண்டுக்கும் பயிற்சியும் பணமும் வேறு. கோளாறு வருவது, நிர்வாக வசதிக்காகப் போட்ட கோட்டை உடலிலும் இருப்பதாக நினைக்கும்போதுதான். காசநோய்க்கு ஒரு பதிவேடு, தொற்றா நோய்க்கு ஒரு பதிவேடு, இரண்டுக்கும் தனித்தனி அறை, தனித்தனி ஊழியர் என்று வைத்துக்கொண்டு, இரண்டு நோயும் உள்ள ஒருவரை இரண்டு வரிசையில் நிற்கவைக்கிறோம். காசநோயாளிக்குச் சர்க்கரையும், சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் அறிகுறியும் பார்க்க வேண்டும் என்ற தேசிய நெறிமுறை 2017இலேயே வந்துவிட்டது. முதல் பாதியைச் செய்வது எளிது, விரலில் ஒரு குத்து. இரண்டாம் பாதி அத்தனை ஒழுங்காக நடக்காது, ஏனென்றால் சர்க்கரை நோயாளிகளின் கூட்டம் பல மடங்கு பெரியது.

அந்தக் கூட்டத்தை வீட்டு வாசலிலேயே சந்திக்கிற ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பிரஷர் கருவியோடும் மாத்திரையோடும் தெருத் தெருவாகப் போகிறார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களில் நான்கு கேள்விகள் கேட்டுவிடலாம்: இருமல் இரண்டு வாரமாக இருக்கிறதா, காய்ச்சல் வருகிறதா, எடை குறைந்ததா, இரவில் வியர்க்கிறதா? ஐந்தாவதாக, செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைப் பார்க்கலாம். இவை எல்லா ஊரிலும், ஒவ்வொரு முறையும் நடக்க வேண்டும். நான்கில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தால், நாளைக்கு வேறு அலுவலகத்துக்குப் போங்கள் என்று சொல்லாமல் அங்கேயே சளி மாதிரி வாங்கும் குப்பியும் தன்னார்வலரின் பையில் இருக்க வேண்டும்.